மூக்கே துணை!

"இது இன்னும் நல்லாத்தானே இருக்கு?" என்று டப்பாவைத் திறந்து என் மூக்குக்கு நேராக நீட்டாத சொந்தக்காரர்களே கிடையாது. நான் புதுக்கோட்டைக்காரன் என்பதுதான் காரணம். திருநெல்வேலிக்காரன் அல்வாவுக்கு ஜவாப்தாரி என்கிற மாதிரி, தமிழ்நாட்டு முந்திரிப்பருப்புக்கெல்லாம் அடியேன் ஜவாப்தாரி!

தஞ்சாவூர் ரோட்டில் ஆதனக்கோட்டையைத் தாண்டியவர்களுக்குத் தெரியும். ரோட்டோரத்தில் கொட்டையை வறுக்கிற புகை, பஸ்ஸுக்குள்ளேயே ஏறி டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்துகொள்ளும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொரு கொட்டையாகத் தட்டி உடைப்பார்கள். ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அந்தக் கைகளைப் பார்த்தவர்களுக்கு பேரம் பேச வாய் வராது.

என் சகலைக்கு வந்தது! சென்னைக்கு அரை கிலோ வாங்கிப் போனவர், பத்தாம் நாள் போன் பண்ணினார். "சகலை, உங்க ஊர்ல பழைய சரக்கை தலையில கட்டிட்டாங்க. குப்பையில போடப் போறேன்."

"ஒண்ணைக் கடிச்சுப் பாருங்க. சத்தம் வருதா?"

"வரலை. ரப்பர் மாதிரி இருக்கு."

"தொண்டையில காறுதா?"

"இல்லையே..."

விஷயம் அவ்வளவுதான் சார். நமுத்துப் போவது வேறு, சிக்கு அடிப்பது வேறு. நமுத்தது ஈரக்காற்றின் வேலை. வாயைக் கட்டாத மெல்லிசு கவரில் வைத்தால், சென்னைக் காற்றுக்குப் பத்து நாள் தாராளம். வாணலியில் லேசாகச் சூடு பண்ணி ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.

சிக்கு அப்படியல்ல. முந்திரியில் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி கொழுப்பு. காற்றும் வெளிச்சமும் சூடும் சேர்ந்து அதைக் கெடுத்துவிட்டால், நெய்யில் வறுத்தாலும் தீராது. பருப்பை இரண்டாகப் பிளந்து, உள்ளங்கையில் தேய்த்து மோந்து பாருங்கள். அணைந்த விளக்குத் திரி வாடை வந்தால் கேஸ் முடிந்தது. பீர் காய்ச்சுகிறவர்களும் ஹாப்ஸ் பூவை இப்படித்தான் கசக்கி மோந்து பார்ப்பார்களாம். பழசானால் சீஸ் நாற்றம் அடிக்குமாம். (கேள்வி ஞானம்தான், சத்தியமாக!)

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் மாவட்டத்து முந்திரி மரங்களை வேரோடு சாய்த்துப் போட்டது. ஒட்டுக்கன்று வைத்தாலும் காய்க்க மூணு வருஷமாவது ஆகும். அப்படி எழுந்து உட்கார்ந்த ஊரைப் பார்த்து, நமுத்த பருப்புக்காக 'ஏமாத்துக்காரங்க' என்று சொன்னால் கோபம் வருமா, வராதா? சகலையை போனிலேயே அடுப்படிக்கு விரட்டினேன். சூடு ஆறுவதற்குள் பாதி காலி என்று தகவல்.

அம்மா கேஸ்தான் கஷ்டம். பி.காமில் முதலில் வந்த சரக்கு முதலில் போகணும் என்று படித்தேன். அம்மாவிடம் அது நடக்காது. விருந்தாளிக்கு என்று பழசைப் பதுக்கிவிட்டு, புதுசைச் செலவழிப்பாள். போன தீபாவளி டப்பாவை நேற்றுதான் வெளியே எடுத்தாள். திறந்ததுமே திரி வாடை.

"ஏலக்காய் தூக்கலாப் போட்டுப் பாயசத்துல விட்டா தெரியாதுல்லப்பா?"

தெரியும்மா!