பிரிட்டானியாவைக் காப்பாற்றி வைத்தவர்கள்

டிரின்சிக் நகரத்துக் குதிரை லாயத்தில் ஒரு கொல்லன் குரூரமாகக் கொலையுண்டு கிடக்கிறான். கொலையாளியைத் தேடிப் போவதுதான் கதை. ஆனால் 1992இல் வெளியான ‘அல்டிமா 7: தி பிளாக் கேட்’ விளையாட்டை இன்று மறுபடி திறப்பவர்கள் பலர் கொலையாளியைச் சற்று நேரம் மறந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார்கள். மேசைமேல் மாவைக் கொட்டி, வாளித் தண்ணீரை விட்டுப் பிசைந்து அடுப்பில் வைத்தால் ரொட்டி வெந்து வருகிறது. பசிக்கிறது என்று முனகும் தோழனுக்கு அதைக் கொடுக்கலாம்.

ரிச்சர்ட் காரியட்டும் அவருடைய ஆரிஜின் சிஸ்டம்ஸ் குழுவும் படைத்த பிரிட்டானியா என்ற கற்பனை நாடு முழுக்க இப்படித்தான் இருக்கிறது. ஊர்க்காரர்கள் காலையில் கடை திறக்கிறார்கள், இருட்டியதும் மதுக்கடையில் கூடுகிறார்கள், பிறகு வீட்டுக்குப் போய்ப் படுக்கிறார்கள். நாயகன் பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவரவர் பிழைப்பு நடக்கிறது. குறைகளும் உண்டு. சண்டைக் காட்சிகள் ஒரே குழப்பம். முதுகுப் பைக்குள் போட்ட சாவியைத் திரும்ப எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். அப்படியும், பின்னால் பெருஞ்செலவில் வந்த எத்தனையோ கற்பனை உலகங்கள் இதன் பக்கத்தில் வெறும் திரைச்சீலையாகத் தெரிகின்றன.

அந்த விளையாட்டு வெளிவந்த அதே ஆண்டில் ஆரிஜினை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வாங்கியது. விலை, பங்குகளாக ஏறத்தாழ 3.5 கோடி டாலர். விற்பனைக்கு முன்பே இரு நிறுவனங்களுக்கும் இடையே கசப்பு இருந்திருக்கிறது. அதன் தடம் கதைக்குள்ளேயே பதிந்துள்ளது. கொலைகளின் பின்னணியில் இருக்கும் இருவரின் பெயர் எலிசபெத், ஆபிரகாம். முதலெழுத்துகள் ‘ஈ’, ‘ஏ’. நாயகன் அழிக்க வேண்டிய தீய கருவிகள் மூன்று: கனசதுரம், கோளம், நான்முகி. அக்கால எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் முத்திரையில் இருந்த சதுரம், வட்டம், முக்கோணம் ஆகியவற்றின் நிழல்கள்தாம் அவை.

அதற்குப் பிறகு நடந்தது வேதனையானது. 1994இல் ‘அல்டிமா 8’ முழுமை பெறாமலே கடைக்கு வந்தது. வெளியீட்டுத் தேதிக்காகப் பலவற்றை வெட்டியதைக் காரியட்டே பின்னர் ஒப்புக்கொண்டார். 1999இல் வந்த ‘அல்டிமா 9’ பிழைகள் மலிந்து கிடந்தது. அடுத்த ஆண்டு காரியட் வெளியேறினார். 2004இல் ஆரிஜின் மூடப்பட்டது.

சரி, பழைய ஏழாம் பாகத்தையாவது இன்றைய கணினியில் ஓட்டலாமா என்றால், அதுவும் எளிதாக இருக்கவில்லை. டாஸ் காலத்து நினைவகத்தைத் தனக்கே உரிய முறையில் கையாண்ட விளையாட்டு அது, விண்டோஸோடு ஒத்துப்போகாது. அந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் தன்னார்வலர்கள். ‘எக்ஸல்ட்’ என்ற பெயரில் அவர்கள் விளையாட்டின் இயக்கப் பொறியையே புதிதாக எழுதினார்கள். இன்று இணையக் கடையில் காசு கொடுத்து வாங்கும் ‘அல்டிமா 7’ ஓடுவதும் ‘டாஸ்பாக்ஸ்’ என்ற மென்பொருளின் தயவில்தான். அதுவும் தன்னார்வலர்கள் எழுதி இலவசமாகத் தந்தது. பெயரின் உரிமை ஓரிடத்தில், உழைப்பு வேறிடத்தில்.

‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3’ கதை இன்னும் தெளிவானது. 1999இல் நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் உருவாக்கிய இந்த விளையாட்டுக்குப் போலந்திலும் ரஷ்யாவிலும் இன்றுவரை தீராத மோகம். 2003இல் அதன் தாய் நிறுவனமான த்ரீடிஓ திவாலானபோது, மைட் அண்ட் மேஜிக் பெயரை யூபிசாஃப்ட் 13 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2015இல் யூபிசாஃப்ட் கொண்டுவந்த புதுப்பொலிவுப் பதிப்பில், ரசிகர்கள் உயிராக நினைக்கும் இரண்டு விரிவாக்கத் தொகுப்புகளும் இல்லை. அவற்றின் மூல நிரலை மீட்க முடியவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அதே விளையாட்டுக்கு 2011இலேயே ரஷ்ய ரசிகர் குழு ஒன்று ‘ஹார்ன் ஆஃப் தி அபிஸ்’ என்ற பெயரில் புதிய நகரத்தையே சேர்த்திருந்தது. அதுவும் முழுத் தொகுப்பின்மேல், காசு வாங்காமல்.

‘வார்கிராஃப்ட் 3’ என்ற பழைய விளையாட்டின் ரசிகர்களுக்கு வேறு விதமான ஏமாற்றம். 2020 ஜனவரியில் வந்த ‘வார்கிராஃப்ட் 3: ரீஃபோர்ஜ்டு’ என்ற புதுப்பொலிவுப் பதிப்பில், 2018இல் அதை அறிவித்தபோது மேடையில் காட்டிய புதிய காட்சிகளில் பெரும்பகுதி இல்லை. பழைய விளையாட்டை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தவர்களின் இணையப் போட்டிகளும் புதிய மென்பொருளுக்கே மாற்றப்பட்டதால், அவர்களும் இந்தக் குறைகளைச் சுமக்க வேண்டியதாயிற்று. புதியதைச் செய்வதில் தோற்பது மன்னிக்கக்கூடியது. மக்கள் கையிலிருந்த பழையதையும் குலைத்ததை மன்னிக்க முடியவில்லை.

அமெரிக்காவில் வெளியான பழைய வீடியோ விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டுச் சொன்னது. கடையில் இல்லாத விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்தே திறந்து காட்ட நூலகங்களுக்கு அனுமதி கேட்கப்பட்டபோது, விளையாட்டு நிறுவனங்களின் சங்கம் எதிர்த்தது. 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. மக்கள் அவற்றைப் பொழுதுபோக்காக விளையாடிவிடுவார்கள் என்பது எழுப்பப்பட்ட அச்சங்களில் ஒன்று. தாங்களும் விற்பதில்லை, நூலகமும் தரக் கூடாது என்றால் அந்தப் படைப்பு எங்கேதான் போகும்?

வழி இல்லாமல் இல்லை. 2025 பிப்ரவரியில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸே ‘கமாண்ட் அண்ட் காங்கர்’ வரிசையின் பழைய விளையாட்டுகள் சிலவற்றின் மூல நிரலைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. ரசிகர்கள் உடனே அதில் வேலையைத் தொடங்கினார்கள். நிறுவனத்துக்கு ஒரு நட்டமும் இல்லை. அல்டிமாவின் உரிமையும் அதே நிறுவனத்திடம்தான் இருக்கிறது. கைவசம் உள்ள நிரலையும் ஓவியங்களையும் இசையையும் அதேபோல் வெளியே வைக்கலாம். எக்ஸல்ட் குழுவினர் ஊகித்து ஊகித்து எழுதியதை அசலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க அவர்களுக்கு அது போதும்.