கல்லமேட்டு மண் கற்பிக்கும் பாடம்

அரியலூர் என்றதும் நம்மில் பலருக்குச் சிமெண்டு ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுமே நினைவுக்கு வரும். பூகர்ப்ப சாஸ்திரம் பயிலும் மாணாக்கர்களுக்கோ அது ஒரு புண்ணிய க்ஷேத்திரம். இளங்கலை வகுப்பு மாணவர்கள் கையில் சுத்தியும் பூதக்கண்ணாடியும் திசைகாட்டியும் ஏந்தி, பற்பல கல்லூரிகளிலிருந்து இங்கே யாத்திரை வருகிறார்கள்.

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இப்பிரதேசத்தைச் சமுத்திரம் மூடியிருந்தது. காரைக் கிராமத்தின் வறண்ட ஓடைச் சரிவுகளில் கடற்பிராணிகளின் எச்சங்கள் கல்லாய்ச் சமைந்து கிடப்பதை இன்றும் காணலாம். காலம் செல்லச் செல்லக் கடல் பின்வாங்கிற்று. அது விட்டுச் சென்ற நிலத்தில் ஆறுகள் புரண்டோடின. அவை கொணர்ந்து குவித்த மணலும் களிமண்ணுமே கல்லமேட்டுப் பாறைகள். அவற்றின் வயது ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகள். டைனோசார்கள் உலவியது அந்த ஆற்றங்கரைகளிலேதான்.

கடலடி மண் எது, ஆற்று மண் எது என்று எவ்வாறு அறிவது? அதுவே மாணவன் கற்கும் முதற் பாடம். ஆற்றின் நீரோட்டம் விரைந்த இடத்தில் பருமணலும், வெள்ளம் தேங்கிய இடத்தில் நுண்ணிய களியும் படியும். மணலடுக்குகள் சாய்ந்திருக்கும் திக்கைக் கொண்டு, பண்டைய ஆறு எத்திசை நோக்கி ஓடிற்று என்று சொல்லிவிடலாம். வேரோடிய தடமும் சுக்கான் கல்லும் தென்பட்டால், அது ஒரு காலத்தில் செடிகொடிகள் முளைத்த தரை என்பது விளங்கும். மணலில் கிடக்கும் எலும்பை வெள்ளம் எங்கிருந்தோ உருட்டி வந்திருக்கலாம். களியில் கிடப்பதோ, மிருகம் மாண்ட இடத்துக்கு அருகிலேயே புதையுண்டதாக இருக்கலாம். ஆகவே எலும்பைக் காட்டிலும், அதைச் சூழ்ந்த மண்ணே அதிகம் பேசுகிறது.

இதை மறந்தால் என்ன நேரும்? 2020-ஆம் ஆண்டில் பெரம்பலூர் ஜில்லா குன்னத்தில் கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசார் முட்டைகள் என்று ஊரெல்லாம் பேசிற்று. அவற்றை ஆராய்ந்த நிபுணர்களோ, அம்மோனைட் என்னும் கடற்பிராணியைச் சார்ந்த படிவங்களே அவை என்றனர். கடலடியில் படிந்த மண்ணில் நிலத்துப் பிராணியின் கூட்டைத் தேடுவது எவ்வளவு பொருந்தும்?

இன்னொரு செய்தி நெஞ்சை வருத்துவது. 1987-ஆம் ஆண்டில் யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு நிபுணர்கள், கல்லமேட்டில் கண்ட எலும்புகளை விவரித்து, அப்பிராணிக்குப் பிருஹத்காயோசாரஸ் என நாமகரணம் செய்தனர். பேருடல் படைத்த பல்லி என்பது அதன் பொருள். கீழ்க்கால் எலும்பு ஒன்றே சுமார் 2 மீட்டர் நீளம்! முதலில் மாமிசபட்சிணி எனக் கருதப்பட்ட அது, பிறகு நெடுங்கழுத்துத் தாவரபட்சிணி வகையைச் சேர்ந்ததென எண்ணப்பட்டது. ஐயந்தீரச் சோதிக்க வழியில்லை. எளிதில் உதிரும் அவ்வெலும்புகள் பொடிப்பொடியாய்ப் போயின. எஞ்சியவை அன்று எழுதிய குறிப்புகளும் சித்திரங்களும், 2022-இல் வெளியான புகைப்படங்களுமே. பூமியில் நடமாடிய மிகப் பெரிய பிராணிகளுள் ஒன்றாய் இருந்திருக்கக்கூடியதன் சாட்சியம் இன்று காகிதத்திலன்றி வேறெங்கும் இல்லை.

ஆயினும் மனம் சோர வேண்டியதில்லை. 2013-இல் இதே கல்லமேட்டுப் பாறையில் கிடைத்த ஒரு சிறு பல், வட கண்டங்களுக்கே உரியதென்று எண்ணப்பட்ட ட்ரூடோன்டிட் என்னும் டைனோசார் குடும்பம் நம் நாட்டிலும் வாழ்ந்தது என்ற கருத்தை உலகின் முன் வைத்தது. பிருஹத்காயத்தைத் தந்த மண்ணே கடுகளவு சான்றையும் காத்து வைத்திருக்கிறது!

நம் இளைஞர்கள் இங்கிருந்து ஒரு கல்லைப் பெயர்க்குமுன், அது கிடந்த அடுக்கையும் ஆழத்தையும் அளந்து எழுதட்டும், படமெடுக்கட்டும், பிறகே கை வைக்கட்டும். மழையும் மண்வெட்டியும் ஆண்டுதோறும் இந்த நிலத்தைக் கரைத்து வருகின்றன. கோயிற் கல்வெட்டைப் படியெடுத்துக் காக்கும் நாம், மனிதன் தோன்றுமுன் எழுதப்பட்ட இந்தச் சாசனத்தையும் படியெடுக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லவா?