ஓலைப் பந்தல் நிழலுக்கு ஒரு நன்றி

மன்னார் வளைகுடாக் கரையில் ஆமை முட்டை காக்கும் அண்ணாச்சிமார்களுக்கு,

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். ஒரு காலத்தில் ஆமைக்கறிக்கும் ஆமை ரத்தத்துக்கும் பேர்போன ஊர் இது. இன்று தை பிறந்துவிட்டால் இதே கடலோரத்தில் இரவெல்லாம் டார்ச்சும் வாளியுமாக நடக்கிறீர்கள். பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறிய தடத்தைப் பிடித்துப் போய், மணலைக் கையால் விலக்கி, நூறு சொச்சம் முட்டைகளைப் புரட்டாமல் எடுக்கிறீர்கள். பொரிப்பகத்தில் தாய் ஆமை தோண்டியது போலவே கழுத்து குறுகி வயிறு அகன்ற குழி வெட்டி, அதில் அடுக்கி ஈர மணலால் மூடுகிறீர்கள்.

நாயிடமிருந்தும் நரியிடமிருந்தும் முட்டையைக் காத்ததற்கு ஊரே உங்களைப் பாராட்டும். என் நன்றி இன்னொன்றுக்கு. நீங்கள் வெட்டும் குழியின் ஆழமும் அதன்மேல் போடும் ஓலைப் பந்தலின் நிழலும்தான் உள்ளேயிருக்கும் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கின்றன.

மனிதருக்குக் கருவுறும்போதே எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் அதைத் தீர்த்துவிடுகின்றன. கடலாமைக்கு அந்த ஏற்பாடு இல்லை. முட்டை பொரிய ஏறக்குறைய 50 நாள் ஆகும். அதன் நடுப்பகுதியில் மணல் எவ்வளவு சுடுகிறது என்பதே கணக்கு. 29, 30 டிகிரி செல்சியஸ் வாக்கில் இரண்டும் கலந்து வரும். அதற்குக் கீழே போனால் ஆண் கூடும். மேலே போனால் பெண் கூடும்.

சூடு உடம்புக்குள் என்ன செய்கிறது என்பது சிவப்புக் காது ஆமை என்ற நன்னீர் ஆமையில் தெரியவந்தது. 'டிஎம்ஆர்டி1' என்ற மரபணு வேலை செய்தால்தான் விந்தகம் உருவாகும். அது வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும். 26 டிகிரியில் 'கேடிஎம்6பி' என்ற இன்னொரு மரபணு விழித்து, அந்தப் பூட்டைத் திறக்கும் நொதியைத் தருகிறது. 2018இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் கேடிஎம்6பியை அடக்கிப் பார்த்தபோது, ஆணாக வேண்டிய கருக்களில் பெரும்பாலானவை பெண்ணாயின. 2020இல் அடுத்த கண்ணி கிடைத்தது. சூடு கூடும்போது செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது; அது 'ஸ்டாட்3' என்ற புரதத்தை முடுக்க, அந்தப் புரதம் கேடிஎம்6பியை அடக்கிவிடுகிறது. பூட்டு திறப்பதில்லை, சூலகம் உருவாகிறது. மரபணு மாறவில்லை, எது வேலை செய்யும் என்பதுதான் மாறுகிறது.

எல்லா ஊர்வனவற்றுக்கும் ஒரே கணக்கு என்றும் இல்லை. வடநெம்மேலியில் 1976இல் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணையில் ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், ரோமுலஸ் விட்டேக்கர் மூவரும் சதுப்புநில முதலை முட்டைகளை வெவ்வேறு சூட்டில் வைத்துப் பார்த்து 1989இல் எழுதினார்கள். 28 முதல் 31 டிகிரி வரை எல்லாமே பெண், 32.5இல் எல்லாமே ஆண். முதலைக்குச் சரியான சூடு ஆமைக்குச் சரிப்படாது.

நிழல் ஏன் இப்போது முக்கியமாகிறது என்றால், கடற்கரை சூடேறி வருகிறது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃபின் வடபகுதியில் பிறந்த இளம் பேராமைகளில் 99 சதவீதத்துக்கு மேல் பெண் என்று 2018இல் தெரிந்தது. ஆணே இல்லாமல் அடுத்த தலைமுறை ஏது? அதற்காக நிழலை அளவுக்கு மீறிப் போட்டாலும் ஆபத்துதான், குஞ்செல்லாம் ஆணாகிவிடும்.

ஆகவே நன்றியோடு ஒரு வேண்டுகோள். எத்தனை குஞ்சு கடலில் விட்டோம் என்று எழுதும் நோட்டிலேயே, குழிக்குள் எத்தனை டிகிரி என்றும் தினமும் குறித்து வையுங்கள். வனத்துறை அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை: முட்டைகளுக்கு நடுவே வைக்கும் வெப்பமானியைப் பொரிப்பகம்தோறும் கொடுங்கள். எண்ணிக்கை மட்டும் இருந்தால் போதாது. ஆணும் பெண்ணுமாகப் போனால்தான் இந்தக் கரைக்கு ஆமை திரும்பி வரும்.

அன்புடன்,
ஒரு தூத்துக்குடிக்காரன்