இடது முகம், வலது கை

எதிர்த்தரப்பின் வாதம் ஒரே வரிதான்: மனுதாரர் நடிக்கிறார்.

விபத்து இழப்பீடு கேட்ட இந்த வழக்கில் நான் வாதாடிய மனுதாரர் ஒரு டீ மாஸ்டர். பைக்கில் போனவரைப் பின்னாலிருந்து வேன் இடித்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. எலும்பு முறிவும் இல்லை. ஒரு வாரம் கழித்துக் கடையில் நின்றிருந்தவருக்குத் தலை சுற்றியது. குரல் கம்மியது, விக்கல் நிற்கவில்லை, இடது இமை சரிந்தது. அதன்பின் முகத்தின் இடப்பக்கத்திலும் உடம்பின் வலப்பக்கத்திலும் சூடு உறைக்கவில்லை. கொதிக்கும் பால் வலது கையில் கொட்டித் தோல் வழன்றதை, பக்கத்தில் நின்றவர் கத்திய பிறகுதான் பார்த்தார். ஆனால் அந்தக் கையின் பலம் துளியும் குறையவில்லை.

"முகத்தில் இடது, கையில் வலது. எந்த நோய்யா இப்படிப் பக்கம் மாறும்?" என்று குறுக்கு விசாரணையில் மடக்கினார் இன்சூரன்ஸ் வக்கீல்.

நரம்பியல் மருத்துவரைச் சாட்சியாக விசாரித்தோம். கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாக மூளைக்கு ஏறும் வெர்ட்டிப்ரல் தமனியின் உட்சுவர் அதிர்ச்சியில் கிழியலாம். அங்கே உறையும் ரத்தம் சில நாள் கழித்துக்கூட, மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்துக்கான ரத்த ஓட்டத்தை அடைக்கலாம் என்றார். கை கால்களின் சூட்டையும் வலியையும் சுமக்கும் நரம்பிழைகள் தண்டுவடத்திலேயே பக்கம் மாறிவிடுகின்றன. முகத்துக்கானவை முகுளம்வரை அதே பக்கத்தில் இறங்குகின்றன. ஆகவே இடப்பக்க முகுளம் பழுதானால் இடது முகமும் வலது உடம்பும்தான் மரக்கும். 1895-இல் வாலன்பர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்த நோய் இது. மருத்துவப் புத்தகமே பார்த்திராத ஒருவர் இதை எப்படி நடிக்க முடியும் என்று வாதிட்டேன்.

உடனே, "ரத்த அழுத்தத்தால் வந்த பக்கவாதம், விபத்துக்குச் சம்பந்தமில்லை" என்றார்கள். ஆஞ்சியோகிராமில் கிழிசல் தெரிந்தது. விபத்தன்று இரவு பணியிலிருந்த மருத்துவர் விபத்துப் பதிவேட்டின் நகலில் (ஏ.ஆர். காப்பி) 'கழுத்தின் இடப்பக்கம் வலி' என்று குறித்திருந்தார். விபத்தையும் நோயையும் இணைத்தது அந்த ஒரு வரி.

அடுத்த சிக்கல் இழப்பீட்டுத் தொகை: ஊனச் சான்றில் சதவீதம் குறைவு. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டினேன்: ஊனத்தின் அளவு வேறு, அது பிழைப்பைப் பாதிக்கும் அளவு வேறு. சூடு தெரியாத கையோடு பாய்லர் முன்னால் நிற்க முடியாது என்பதைத் தீர்ப்பாயம் ஏற்று, வருமான இழப்பைத் தொழிலை வைத்துக் கணக்கிட்டது.

இளம் வழக்கறிஞர்களே, கட்சிக்காரர் சொல்வது முரணாகத் தோன்றினால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். அடிபட்டவர் கழுத்து வலிக்கிறது என்றால், அன்றே அதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.