ராத்தாவின் முகமும் நான் வாங்கிக் கொடுத்த கிரீமும்

வண்ணாத்திவில்லு வெயிலைப் பற்றி எங்கள் பக்கத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. ராத்தாவின் கன்னங்கள் எரிகின்றன என்று உம்மா சொன்னபோது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வெயில், அடுப்புச் சூடு, மிளகாய் என்று ஏதோ காரணம் சொல்லிவிட்டு மத்ரஸாவுக்குப் போய்விட்டேன்.

சில வாரம் கழித்து ராத்தா ஒரு காலி டியூபைக் கொண்டுவந்து, "தம்பி, புத்தளம் போனா இதே மாதிரி ஒன்று வாங்கிட்டு வா" என்றார். அவருக்குத் தெரிந்த ஒரு பெண் கொடுத்ததாம். பூசி மூன்றே நாளில் முகம் தெளிந்துவிட்டதாம். எனக்கும் சந்தோஷம். ஏழெட்டு மாதம் மாறி மாறி வாங்கிக் கொடுத்தேன். கடையில் யாரும் வைத்தியரின் துண்டைக் கேட்கவில்லை. கிதாபின் ஓரத்தில் பொடி எழுத்தில் உள்ள குறிப்பைக்கூட விடாமல் பார்க்கிறவன் நான், அந்த டியூபில் இருந்த மூன்று வரியைப் படிக்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் டியூப் தீர்ந்து, வாங்கப் போக நாலைந்து நாள் பிந்திவிட்டது. அதற்குள் முகம் நெருப்பாகிவிட்டது. மூக்கிலும் கன்னத்திலும் பருப்பருவாகச் சின்னக் கட்டிகள், இடையே நூல் போன்ற நரம்புகள். கண்ணும் உறுத்தியது. சொந்தத் தம்பி மகளின் கல்யாணத்துக்குக்கூட ராத்தா போகவில்லை. என் மகளின் கல்யாணம்தான் அது.

தோல் கிளினிக்கில் ஒரு பெண் வைத்தியர் பார்த்தார். "எதைப் பூசினீர்கள்?" என்று அவர் கேட்க, ராத்தா என்னைப் பார்த்தார். நான் ஜுப்பாப் பையிலிருந்து டியூபை எடுத்து மேசையில் வைத்தேன். அதிலிருந்தது ஸ்டீராய்ட்.

முதலில் வந்தது ரொசேசியா என்ற நோய் என்றார் வைத்தியர். முகத்தின் நடுப்பகுதி சிவந்து எரியும், பருக்கள் எழும், சிலருக்குக் கண்ணிலும் தாக்கும். வெள்ளைக்காரர் தோலில் சிவப்புப் பளிச்சென்று தெரியும். நம்முடைய மாநிறத்தில் அது மறைந்துகொள்வதால் முகப்பரு என்றோ வெயில் என்றோ தவறிவிடுகிறது. எரிச்சலையும் சூட்டையும்தான் கேட்டறிய வேண்டும். (மேல்நாடுகளில் மூக்குச் சிவந்தவரைக் குடிகாரர் என்று நினைத்துவிடுவார்களாம். ஒரு சொட்டும் தொடாதவர்களுக்கும் இது வருகிறது.) ஸ்டீராய்ட் கிரீம் அழற்சியைச் சட்டென்று அடக்கும், அதனால் குணமானதுபோல் தோன்றும். நாள்பட்டால் தோல் மெலிந்து நரம்புகள் விரியும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகும். ஆகவே மறுபடியும் பூசத் தோன்றும்.

அதை விட்டுவிடச் சொல்லி, மெட்ரோனிடசோல் ஜெல்லும் டொக்சிசைக்ளின் குளிசையும் எழுதினார். சில வாரம் இன்னும் கூடுதலாக எரியும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். ராத்தா என்னிடம் மெதுவாக, "இதுவும் அது மாதிரித்தானோ?" என்றார். நியாயமான கேள்வி. ஹதீஸ் கலை ஓதிக்கொடுக்கிற எனக்கல்லவா அது முதலில் தோன்றியிருக்க வேண்டும்? ஒரு செய்தி வந்தால் யாரிடமிருந்து, அவர் யாரிடமிருந்து என்று இஸ்னாதைப் பார்க்கிறோம். அறிவிப்பாளர் இன்னாரென்று தெரியாவிட்டால் அவர் மஜ்ஹூல் என்று நிறுத்திவைக்கிறோம். அந்த டியூபின் அறிவிப்பாளர் யார்? ராத்தாவுக்குச் சொன்ன பெண்ணுக்கு யார் சொன்னது?

வைத்தியர் கோபிக்கவில்லை. மருந்தைச் சோதிக்கும் முறையைச் சொன்னார். நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்துள்ள கிரீம், மற்றதற்கு மருந்தில்லாத வெறும் கிரீம். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் வைத்தியருக்கும் தெரியாது. ரொசேசியாவுக்கான ஐவர்மெக்டின் கிரீமை இப்படித்தான் 683 பேரிடமும், தனியாக 688 பேரிடமும் 12 வாரம் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். முகம் முழுதாகவோ பெரும்பாலுமோ தெளிந்தவர்கள் முதல் ஆய்வில் நூற்றுக்கு 38.4, இரண்டாவதில் 40.1. வெறும் கிரீம் பூசியவர்களிலும் 11.6, 18.8 பேருக்குத் தெளிந்திருக்கிறது! இந்த இரண்டாவது கணக்கைப் பார்த்து நான் வியந்தேன். ஒன்றுமில்லாததைப் பூசியும் சிலருக்குக் குணம் தெரியும் என்றால், "எனக்கு நல்லாயிட்டு" என்ற ஒருத்தியின் சொல்லை வைத்து என்ன முடிவு செய்வது?

இந்த ஐவர்மெக்டின் மண்ணில் வாழும் ஒரு கிருமியிலிருந்து கிடைத்த மருந்தின் வழிவந்தது. அதற்காக ஜப்பானின் சத்தோஷி ஓமுராவும் வில்லியம் காம்பெல்லும் 2015இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். முகத்தோலில் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணி ரொசேசியா உள்ளவர்களிடம் அதிகம் என்பதால் இதை முயன்றார்கள். உண்ணிக் கதையைச் சொன்னதும் ராத்தா, "அஸ்தஃபிருல்லாஹ், என்ட முகத்திலயா?" என்று இரண்டு தரம் கழுவிவிட்டு வந்தார். எல்லார் முகத்திலும் உண்டு என்று நான் சொன்னது அவருக்கு ஆறுதலாக இல்லை.

ஆனால் ஒரு குறையும் உண்டு. அந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலினர். நம் போன்ற முகங்களைப் பற்றி அதிகம் பேசுவது இந்தியாவில் 12 தோல் மருத்துவ நிலையங்கள் சேர்ந்து நடத்தி 2011இல் வெளியான ஓர் ஆய்வு. முகத்தில் நோயென்று வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்ட் பூசியிருந்தார்கள். அவர்களில் 257 பேருக்கு அதைச் சொன்னவர் வைத்தியரே அல்ல. 126 பேர் பூசியது நிறத்துக்கும் பொது கிரீமாகவும் சவரத்துக்குப் பின்னும். அந்த 257இல் சொன்னவர்களில் தம்பிமார் எத்தனை பேரோ!

ராத்தாவுக்கு முதல் மூன்று வாரம் கடுமையாக இருந்தது. இரவில் ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதிருக்கிறார், உம்மா சொல்லித்தான் தெரியும். நான்காம் மாதத்தில் எரிச்சல் நன்றாக அடங்கியது. இந்த நோய் அடியோடு போவதில்லை, அடக்கித்தான் வைக்கலாம். இப்போது தேநீரை ஆறவைத்துக் குடிக்கிறார், வெளியே போனால் குடை. வுழூவில் தண்ணீரைத் தேய்க்காமல் மெதுவாக ஊற்றிக்கொள்கிறார். ஓரிரு நரம்புகள் கன்னத்தில் தங்கிவிட்டன.

போன மாதம் என் மகள் யாரோ கொடுத்த ஒரு சிறு டப்பாவோடு வந்தாள். மேலே ஒரு ரோஜாப்பூ, வேறெழுத்து ஒன்றுமில்லை. ராத்தா அதை வாங்கி என் முன்னால் வைத்து, "மௌலவி, இதுக்கு அறிவிப்பாளர் யார்?" என்று கேட்டார்.