அடுத்தவர் முறைத் தண்ணீர்

2017 தையில் பெய்த மழைக்குச் சந்தோசப்படாதவர் பாசிக்குடாப் பக்கத்தில் இல்லை. நானும் சந்தோசப்பட்டேன். ஆனால் அதில் பாதி, நான் செய்த களவின் தடம் வெள்ளத்தோடு போய்விட்டது என்ற நிம்மதி.

எங்கள் வயல்கள் வாகனேரிக் குளத்தை நம்பியவை. மட்டக்களப்பில் பெரும்போகம் விளைவதே ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மழையால்தான். 2016இல் அந்த மழை பொய்த்தது. குளத்தில் நீர் குறைய, வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள்.

என் வயல் வாய்க்காலின் தலைப்பில் இருக்கிறது. பயிர் குடலைப் பருவத்தில் நின்றது. அப்போது தண்ணீர் தவறினால் கதிர் வந்தாலும் மணி பிடிக்காது, சப்பிதான் மிஞ்சும். அது தெரிந்துதான் கடைசி வயல்காரரின் முறையன்று இரவில் போய் என் வயலுக்கு நீர் திரும்பும் வக்கடையை வெட்டினேன். விடியுமுன் அடைத்தேன். ஒரு இரவோடு நிறுத்தவுமில்லை. எனக்குக் கடன் இருந்தது உண்மை. அவருக்கும் இருந்தது.

"தண்ணி கடைசி மட்டும் வரல்ல மகன், வாய்க்கால் மண்ணே குடிச்சிட்டுது போல" என்றார் அந்தக் கடைசி வயல்காரர்.

"ஓம் மாமா, மண் காஞ்சு கிடக்கு" என்றேன்.

வெட்டியதைவிட அந்தப் பதில்தான் பெரிய குற்றம்.

பிறகு மழை கொட்டியது. வெடித்த நிலம் மூடியது, மாடுகளுக்குப் புல் முளைத்தது. கண்ணகை அம்மனுக்கு மழைக்காவியம் படிப்பித்த பெரியவர்கள் கைகூப்பினார்கள். என் பயிருக்கு அது தக்க நேரத்து மழை. மாமாவின் கதிர்களோ அதற்கு முன்பே வெளுத்து, பாரமில்லாமல் நிமிர்ந்து நின்றன. "பிந்தியெண்டாலும் வந்துதே" என்று அவர் மழையை வாழ்த்தினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

2016இல் 44 இலட்சம் தொன்னாக இருந்த நாட்டின் நெல் விளைச்சல் மறு ஆண்டு 24 இலட்சத்துக்கு இறங்கியது. எல்லாரும் வரட்சி என்றார்கள். மாமாவின் வயலை அழித்ததில் என் மண்வெட்டிக்கும் பங்குண்டு.

இதை எழுதுமுன் அவரிடம் போய்ச் சொன்னேன். இழந்த நெல்லை ஈடுசெய்கிறேன் என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. "கூட்டத்தில சொல்லு மகன்" என்றார். வரும் பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில், தண்ணீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானை முன்னால், சொல்வேன்.

வாய்க்கால் தலைப்பில் வயல் வைத்திருப்பவர்களே, அடுத்த வரட்சியில் கடைசி வயல்வரை ஒருதரம் நடந்துபோய், தண்ணீர் சேர்ந்ததா என்று பாருங்கள்.