புல்லறிவு

சானமாவுக் காட்டோரத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ராகி நிலம் உண்டு. கதிர் முற்றும் நாட்களில் ஜவளகிரிப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைகள் கூட்டமாக வந்து இங்கே தங்கும். ஒருபுறம் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு இரவுப்பணி ஆட்களை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் நெடுஞ்சாலையில் விரைந்துகொண்டிருக்க, மறுபுறம் பரணில் தகர டப்பாவோடு நைனா விழித்திருப்பார். (அப்பாவை அப்படித்தான் அழைப்போம். எல்லைப்புறத்து வீடுகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும்.) யானையை அவர் முதலில் கண்ணால் கண்டதாக எனக்கு நினைவில்லை. காற்று திரும்பினால் மூக்கை உறிஞ்சி, “மூணு நாலு இருக்கும்” என்பார்.

2018 மார்கழியில் ஒரு விடியற்காலை, பரணிலிருந்து இறங்கி வந்தவர் இடது காலில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பார்த்தபிறகுதான் இருப்பது தெரிந்தது. மூளையின் வலது தலாமஸில் ரத்தக்கசிவு என்றார்கள். பல ஆண்டுகளாக நாங்கள் பொருட்படுத்தாத ரத்த அழுத்தம்.

தமிழ் படித்தவனுக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும்? வாங்கிப் படித்தேன். பெருமூளையின் இரு பாதிகளுக்கும் அடியில், மூளைத்தண்டின் உச்சியில் இருக்கும் பகுதி டயன்செஃபலான். இடைமூளை என்று சொல்லிக்கொள்ளலாம். அதில் பெரியது தலாமஸ். சுமார் 3 செ.மீ. நீளத்தில், சிறு முட்டை வடிவில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. கிரேக்கத்தில் அச்சொல்லுக்கு உள்ளறை, மணவறை என்று பொருளாம். பள்ளியறை என்று பெயர்த்துக்கொண்டேன். அதன் கீழே ஹைப்போதலாமஸ். ஏறத்தாழ 4 கிராம்தான். பசி, தாகம், உடற்சூடு, பிட்யூட்டரி வழியாகப் பிற சுரப்பிகள் என வீட்டு நிர்வாகம் முழுவதும் அதன் கையில். கண்ணில் விழும் வெளிச்சத்தைக்கொண்டு பகலிரவை அளக்கும் கடிகாரமும் அங்கேதான் இருக்கிறது. பின்புறத்துப் பினியல் சுரப்பி இருட்டியதும் மெலடோனினைச் சுரப்பது அதன் ஏவலால். நைனா நாற்பது ஆண்டுகளாகப் பரணில் அந்தக் கடிகாரத்தோடு மல்லுக்கட்டியவர்.

தொடுகை, சுவை, பார்வை, ஒலி எல்லாம் தலாமஸில் நின்று மாறித்தான் மூளைப் புறணிக்குச் செல்கின்றன. மணத்துக்கு மட்டும் அங்கே நிற்காமல் போகும் நேர்வழி உண்டு. இதைப் படித்தபோது தொல்காப்பியத்தின் மரபியல் நினைவுக்கு வந்தது. அதன் அடுக்கில் தொட்டறிவதே முதல் அறிவு. புல்லுக்கும் மரத்துக்கும்கூட உரியது. மோப்பம் மூன்றாவது, கரையானுக்கும் எறும்புக்கும் உரியது. புல்லுக்கும் உள்ள அந்த அறிவு நைனாவின் இடப்பக்கத்தில் இல்லாமல் போயிருந்தது. எறும்பின் அறிவு பழுதின்றி இருந்தது. வீட்டில் ராகி வறுத்தால் தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவார்.

இரண்டு மாதம் கழித்துத்தான் எரிச்சல் தொடங்கியது. ஊசி குத்தினால் தெரியாத கை, போர்வை உரசினால் தீயாய் எரிகிறது என்றார். காற்று பட்டாலும் கத்தினார். எப்படி நம்புவது? காயமில்லை, வீக்கமில்லை. “மரத்துப்போன கை எப்படி எரியும் நைனா?” என்று ஒருநாள் அதட்டினேன். அவர் பதில் சொல்லவில்லை. அதன்பிறகு என் எதிரில் முனகுவதையும் விட்டுவிட்டார். வகுப்பில் மெய்ப்பாட்டியல் நடத்துகிறவன் நான். மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை என்று ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறவன். புல்லறிவு என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருள் அன்று என்னிடம்தான் இருந்தது.

பாரிஸில் டெஜரினும் ரூஸியும் 1906லேயே இந்த நோயை விவரித்து எழுதியிருக்கிறார்கள். தலாமஸ் சிதைந்தால் எதிர்ப்பக்கத்து உடம்பு மரத்துப்போகும். பிறகு அந்த மரத்த பக்கமே எரியும். கையிலிருந்து வரவேண்டிய செய்தி வருவதில்லை. வலி மட்டும் மூளையில் பிறக்கிறது. சாதாரண வலிமாத்திரைகள் அதைத் தொடுவதில்லை.

இந்த உள்ளறைக்குள் ஊசி நுழைத்தவர்கள் நம் ஊரிலும் இருந்தார்கள். 1960களிலும் 70களிலும் சென்னையில் பா. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், டி. எஸ். கனகா ஆகியோர், தலையில் சட்டம் பொருத்தி, மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, பார்க்கின்சன் நோயாளிகளின் தலாமஸில் சிறு புண் உண்டாக்கிக் கைநடுக்கத்தைக் குறைத்தார்கள். கட்டுக்கடங்காத மூர்க்கம் கொண்டவர்களுக்கு ஹைப்போதலாமஸிலும் அதைச் செய்தார்கள். ‘அமைதியூட்டும் நரம்பு அறுவை’ என்ற பொருளில் அதற்கு ஒரு பெயரும் இட்டார்கள். வெகுளி என்ற மெய்ப்பாட்டின் இருப்பிடத்தை இப்படிக் குறிபார்த்துச் சுடலாம் என்பது எனக்கு அச்சமூட்டியது. யாருடைய அமைதிக்காக என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் தன்னையே கடித்துக் குதறிக்கொள்ளும் பிள்ளையின் தாயிடம் போய் அதைக் கேட்க எனக்குத் துணிவில்லை.

இதையெல்லாம் நைனாவிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வேறு வழி தெரியவில்லை. நெடுநேரம் கேட்டுவிட்டு, “எனக்கும் அப்படி ஒரு ஊசி போடுவாங்களா வாத்தியாரே?” என்றார். மருத்துவர் தந்தது அமிட்ரிப்டிலின் மாத்திரை. மனச்சோர்வுக்கும் கொடுப்பது என்று மருந்துக்கடைக்காரர் வாய்விட, “எனக்கென்ன கிறுக்கா?” என்று இரண்டு நாள் தொடவில்லை. பிறகு போட்டுக்கொண்டார். எரிச்சல் பாதியானது. மீதியோடுதான் இருக்கிறார். கம்பளி ஆகாது, துவைத்துத் துவைத்து நைந்த வேட்டிதான் போர்வை.

அடுத்த கார்த்திகையில் ஒரு இரவு, திண்ணையில் படுத்திருந்தவர் தலையைத் தூக்கினார்.

“தகரத்தை எடு.”

எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. எடுத்துக்கொண்டு நடந்தேன்.